ஆதலால் பயிற்சி நிலையம்

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகச் சட்டம் படிக்கக் கிளம்பியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நமக்குத் தெரிந்து ஒருத்தி இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அக்கா. அவளுக்கு அப்பா வயதிருக்கும் முதலாளிக்கும் அக்காதான். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே இருக்கும் எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டு, கடைசி வரியைப் படிக்கச் சொல்வாள். படிக்க முடியாதவர்கள் அதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. குத்துமதிப்பாக ஏதோ ஒரு எழுத்தை அடித்துவிடுவார்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று அவள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுவாள். தெரிந்த மாதிரி நடித்தால் தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலமெல்லாம் படிக்கட்டில் தடுக்கி விழ வேண்டியதுதானே.

அவளுக்கு ஒரு தம்பி. கடைகளின் இரும்பு ஷட்டர் மக்கர் பண்ணினால் போய்ச் சரிசெய்து கொடுப்பவன். அதனால் தெருவில் அவனுக்கு 'ஷட்டர்' என்றே பெயர். பெற்றவள்கூட அவசரத்துக்கு அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் கைபேசிக் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே தாங்கும் சுருள்வில் நழுவி, ஷட்டர் அவனுடைய வலது கையில் இறங்கியது. விரல்கள் நசுங்கி, கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போயிற்று. மருந்தகத்துக் கம்பவுண்டர் மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று ராத்திரி அவனால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அக்காதான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அதே ராத்திரி அந்தக் கைபேசிக் கடையில் திருடு போனது. பூட்டு உடையவில்லை. போலீஸ்காரர்கள் யோசித்தார்கள். பூட்டை உடைக்காமல் ஷட்டரைத் திறக்க ஷட்டர் வேலை தெரிந்தவனால்தான் முடியும். இவனுக்கு ஷட்டர் வேலை தெரியும். போதாக்குறைக்கு இவன் பெயரே ஷட்டர். வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையில் ரேகை வாங்கிக்கொண்டார்களே தவிர, அந்தக் கட்டு எப்படி வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவன் சிறையில் விசாரணைக்காகக் காத்திருக்கிறான். விசாரணை அவனுக்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

வக்கீல் ஒருவரை வைத்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக நீதிமன்றத்துக்கு வந்து, எழுந்து நின்று, அங்கியைச் சரிசெய்துகொண்டு, "அவகாசம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். கையில் கட்டு இருந்ததை ஏன் சார் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"விஷயத்தை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் கேஸ்ல என்னம்மா இருக்கு? அடக்கி வைக்கணும். கடைசியில எடுத்து விடணும்."

கடைசி எப்போது வரும் என்பதற்கும் அவகாசம் கேட்டார்.

பொறுத்துப் பார்த்த அக்கா ஒரு வாய்தாவன்று பின் பெஞ்சிலிருந்து தானே எழுந்துவிட்டாள். "ஐயா, அன்னிக்கு அவன் கையில…" என்பது வரைக்கும் வந்தது. நீதிபதி தலையை நிமிர்த்தி, நீங்கள் வக்கீலா என்று கேட்டார். இல்லீங்க, அக்கா என்றாள்.

"அக்காவுக்கெல்லாம் சட்டத்துல இடம் கிடையாதும்மா. உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் மனசு உட்காரவில்லை. அந்த அறையில் வாயைத் திறக்கக் கறுப்பு அங்கி வேண்டும் என்றால் அதை வாங்கி மாட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தாள். கிறுக்குப் பிடித்திருக்கிறதா, நீ படித்து வக்கீலாவதற்குள் அவன் தண்டனையே முடிந்து வந்துவிடுவானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாய்தா போற வேகத்துக்கு அஞ்சு வருஷப் படிப்பு சீக்கிரம்மா" என்றாள் அக்கா. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சட்டக் கல்லூரிக்குள் நுழையப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தர்க்கத் திறன் என்று ஒரு பகுதி. மற்றதையெல்லாம் நெட்டுருப் போட்டுத் தப்பிக்கலாம், தர்க்கத்துக்கு மட்டும் ஆதலாலில் சேராமல் நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். 'ஆதலால் பயிற்சி நிலையம்' என்பது மருந்துக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. மாடிப்படி முழுக்க முந்தைய வருஷங்களில் தேறியவர்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் 'ஆதலால் வென்றார்' என்று போட்டிருந்தது.

நிலையத்தை நடத்தியவரை மாஸ்டர் என்பார்கள். வாசல் பலகையில் அவருக்குத் 'தர்க்கச் செம்மல்' என்று பட்டம் இருந்தது. யார் கொடுத்த பட்டம் என்று ஒரு பையன் கேட்டதற்கு, "பலகையில போட்டிருக்கு. ஆதலால் செம்மல்" என்று பதில் வந்தது. அவரே இந்தப் பரீட்சையைப் பல வருஷம் எழுதியவர்; ஒரு தடவையும் தேறியதில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. தேறினவனுக்குத் தேறிய வழி ஒன்றுதான் தெரியும், தேறாதவனுக்குத்தான் எல்லா வழியும் தெரியும் என்று முதல் வகுப்பிலேயே மார்தட்டிக்கொண்டார்.

சேர்ந்த அன்று ஒரு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பதற்கான நுழைவுத் தேர்வு. அதில் நன்றாகச் செய்தவர்கள் மின்னல் பேட்ச், சுமாராகச் செய்தவர்கள் இடி பேட்ச். அக்காவைத் தூறல் பேட்சில் போட்டார்கள். மின்னலுக்கு முன்வரிசையும் மின்விசிறியும் உண்டு. தூறலுக்கு ஜன்னலோரமும் மருந்துக் கிடங்கின் நெடியும் உண்டு.

தினமும் காலையில் எல்லோரும் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். கூற்றில் உள்ளதே உண்மை. கூற்றுக்கு வெளியே உலகம் இல்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவந்திருக்கிறேன் என்று. அக்காவும் சொன்னாள். தம்பியை நினைத்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு பாடம் தொடங்கும். மாஸ்டர் கரும்பலகையில் எழுதுவார்: எல்லா யானைகளும் டாக்டர்கள். எல்லா டாக்டர்களும் குடைகள். ஆதலால்? எல்லா யானைகளும் குடைகள் என்று வகுப்பு ஒரே குரலில் முழங்கும். மின்னல் பேட்ச் கேள்வி முடிவதற்கு முன்பே முழங்கும். அக்கா கையைத் தூக்கி, இதில் உண்மையான யானை எப்போது வரும் என்று கேட்டாள். மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு உண்மை வேணுமா, சீட்டு வேணுமா?"

சீட்டுதான் வேண்டும் என்று அவள் உட்கார்ந்தாள்.

உறவுமுறைக் கணக்குகள் இன்னொரு பக்கம் உயிரை வாங்கின. ஒரு புகைப்படத்தைக் காட்டி ஒருவன், இவர் என் அப்பாவின் ஒரே மகளுடைய தாயின் மருமகனுக்கு மச்சான் என்கிறான். படத்தில் இருப்பவர் யார்? அந்த ஆளிடமே நேராகக் கேட்டுவிட்டால் என்ன சார் என்று இடி பேட்ச் பையன் ஒருவன் சொன்னான். மறுநாளிலிருந்து அவன் வகுப்பில் இல்லை. அவனுடைய இடம் காலியாக இருந்தது. அவன் இருந்தான் என்பதற்குக் கூற்று எதுவும் இல்லாததால் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம் நடந்ததுதான் உச்சம். வகுப்பு முடியும்போது மாஸ்டர் பலகையில் 'வெளியே வெயில் அடிக்கிறது' என்று எழுதிவிட்டு, எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மின்னல் பேட்ச் மொத்தமும் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மழையில் நடந்தது. மாஸ்டர் மாடியில் நின்று யார் யார் குடை விரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். விரித்தவர்கள் அத்தனை பேரும் தூறலுக்கு இறக்கப்பட்டார்கள். அக்காவும் விரித்திருந்தாள். அவள் ஏற்கெனவே தூறல் என்பதால் இறக்க இடமில்லாமல், வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அந்த மாதம் முழுக்கப் பாடம் கேட்டாள்.

அங்கே இருந்தபடிதான் அந்த வருஷத்தின் முக்கியமான சொற்பொழிவையும் கேட்டாள். கேள்விகளின் நான்காவது விடையாக, 'தரப்பட்ட தகவல் போதாது' என்று ஒன்று அடிக்கடி வரும். அக்காவுக்கு அதைப் பார்த்தால் கடைக்கு வரும் நேர்மையான வாடிக்கையாளரைப் பார்த்த மாதிரி இருக்கும். கை தானாக அதற்கே போகும். மாஸ்டருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"அது கோழைங்க கட்டம். நாளைக்கு நீங்க வக்கீலு. கட்சிக்காரன் வந்து நிக்கறான். தகவல் போதாதுன்னு சொல்வீங்களா? சொன்னா அவன் பக்கத்து ரூமுக்குப் போயிடுவான். ஜட்ஜாயிட்டீங்க. தகவல் போதாதுன்னு தீர்ப்பெழுதுவீங்களா? எழுதினா நாட்டுல ஒருத்தனையும் உள்ள வைக்க முடியாது. தெரியுதோ தெரியலையோ, ஒண்ணை அடிச்சுச் சொல்லணும். அதுக்குப் பேருதான் சட்ட அறிவு."

வகுப்பு கைதட்டியது. இன்னொரு ரகசியமும் சொன்னார்: கேள்வி எடுப்பவர்கள் இப்போதெல்லாம் யானை, குடையை விட்டுவிட்டு உண்மையான கோர்ட் உத்தரவுகளிலிருந்து எடுக்கிறார்களாம், வாழ்க்கையோடு ஒட்டி இருக்க வேண்டுமாம்.

கொஞ்சம் கொஞ்சமாக அக்காவுக்குப் பாடம் ஏறியது. ஏறியது என்பதைக் கடையில்தான் கண்டுபிடித்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், எனக்குக் கண் ரொம்ப நன்றாகத் தெரிகிறது, பையன் தொந்தரவுக்காகத்தான் வந்தேன் என்றார். கூற்றில் உள்ளதே உண்மை என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பினாள். அவர் நேராகக் கண்ணாடிக் கதவில் போய் மோதினார். முதலாளி ஓடிவந்து பெரியவரைத் தாங்கிப் பிடித்து, "என்னக்கா ஆச்சு உங்களுக்கு?" என்றார். என்ன ஆயிற்று என்று அக்காவுக்கே பயமாகத்தான் இருந்தது. பெரியவரின் நெற்றிக்கு அவளே மருந்து போட்டாள்.

தம்பியைப் பார்க்கப் போகும் நாட்களில் முன்பெல்லாம் இரண்டு பேரும் கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதுவிட்டுப் பிரிவார்கள். இப்போது அக்கா அந்த நேரத்தையும் வீணாக்குவதில்லை. அழுவதற்குப் பதில் கேள்வி கேட்டாள். வலைக்கு அந்தப் பக்கம் நூறு பேர் கத்த, இந்தப் பக்கம் நூறு பேர் கத்த, நடுவே இவள், "வட்ட மேசையைச் சுத்தி எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க, தச்சருக்கு எதிர்ல தையக்காரர்" என்று கத்துவாள். அவனுக்குப் பாடம் ஆச்சரியமாகப் பிடித்துப்போனது. அடுத்த தடவை போனபோது விடை தயாராக இருந்தது. அவனுடைய அறையில் எட்டுப் பேராம். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒருவரைத் தச்சர், ஒருவரைத் தையற்காரர் என்று பிரித்துக் கண்டுபிடித்தானாம். கொலைக்கேஸ்காரர் ஒருவர் மட்டும் தனக்கு டாக்டர் வேஷம்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததாகச் சொன்னான். சிறைக்கு வந்த பிறகு அவன் சிரித்து அவள் அன்றுதான் பார்த்தாள்.

உறுதிமொழியையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அவள் சொன்னபோது, "இங்கயும் அதே ரூல்ஸ்தான்க்கா, வாசல்லயே புடுங்கிடுவாங்க" என்றான்.

இதற்கிடையே சிறையில் சீர்திருத்தத் திட்டம் ஒன்று வந்தது. கைதிகளும் சட்டக் கல்லூரிப் பரீட்சையை எழுதலாம் என்று. எழுத வருகிறவர்களுக்கு அன்றைக்கு மட்டும் மின்விசிறி உள்ள அறையும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் உண்டு என்றதும் பாதிச் சிறை கையைத் தூக்கியது. தம்பியும் தூக்கினான். விசிறிக்காகத்தான்க்கா என்று அவளிடம் சொன்னான். அவளும் நம்பினாள்.

பரீட்சை வந்தது. தேர்வுக்கூட வாசலில் ஊக்கு, பொத்தான், தலைமுடிக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கடைசியில் சோதனை அதிகாரி அக்காவின் மூக்குக்கண்ணாடியில் வந்து நின்றார். உள்ளே விடை ஏதாவது எழுதியிருக்கலாமாம். இது இல்லாமல் படிக்க முடியாது என்றாள். அப்படியானால் கழற்றிவிட்டு அந்தச் சுவர் அறிவிப்பைப் படி என்றார். முடியவில்லை என்றாள். முடியவில்லையா, முடியாத மாதிரி நடிக்கிறாயா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் கேட்டார். படித்துக் காட்டினால் கண்ணாடி தேவையில்லை, படிக்காவிட்டால் நடிப்பு. இரண்டு வழியிலும் கண்ணாடி அவரிடமே தங்கும். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்குத் தேநீர் வந்துவிட்டதால் போ போ என்று விட்டுவிட்டார்.

தர்க்கப் பகுதி அவள் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே போனது. யானைகள் குடைகளாயின. எட்டுப் பேரும் அவரவர் நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

'கூற்று: ஒரு கைபேசிக் கடையில் திருட்டு நடந்தது. ஷட்டரின் பூட்டு உடைக்கப்படவில்லை. ஷட்டர் வேலை தெரிந்தவரால் மட்டுமே பூட்டை உடைக்காமல் திறக்க முடியும். அப்பகுதியில் 'ஷட்டர்' என்று அறியப்படும் நபருக்கு ஷட்டர் வேலை தெரியும். ஆதலால்: அ) திருடியவர் ஷட்டர். ஆ) திருடியவர் கடை முதலாளி. இ) திருட்டே நடக்கவில்லை. ஈ) தரப்பட்ட தகவல் போதாது.'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். கேள்வி அங்கேயேதான் இருந்தது. தம்பியை உள்ளே வைத்த உத்தரவை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், அவன் பெயரைக்கூட மாற்றாமல். எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதல் கட்டத்தைக் கறுப்பாக்கினால் சீட்டு நிச்சயம். சீட்டு கிடைத்தால் படிப்பு, படித்தால் அங்கி, அங்கி வந்தால் அந்த ஒரு வாக்கியம். அவனை வெளியே கொண்டுவர வேண்டும் என்றால் இப்போது இந்த இடத்தில் அவனைத் திருடன் என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கட்டம்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பென்சிலை 'அ' மேல் வைத்தாள். சோற்றை ஊட்டியபோது, அந்தப் பெரிய வெள்ளைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி வாயைத் திறந்தவன் நினைவுக்கு வந்தான். அவளால் முடியவில்லை. உலகத்தில் ஷட்டர் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தானா, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தெரியாதா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே 'ஈ'யை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள். தாள் கிழியாததுதான் பாக்கி. அழுதுகொண்டே எழுதும் பரீட்சார்த்திகளைக் கண்காணிப்பாளர் நிறையப் பார்த்திருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

விடைகள் வெளியானபோது அந்தக் கேள்விக்கு 'அ' என்றே போட்டிருந்தார்கள். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் வழக்கமும் உண்டு. அந்த ஒரே கேள்வியில் அக்காவுக்குச் சீட்டு போய்விட்டது.

அழுது முடித்துவிட்டு அவள் தேர்வு ஆணையத்தின் செயலாளரைப் பார்க்கப் போனாள். நெடுநேரம் காக்கவைத்த பிறகு உள்ளே விட்டார்கள். விடை தப்பு சார், வேலை தெரிந்த எல்லோரும் திருடர்களா என்று கேட்டாள். செயலாளர் பொறுமைசாலி. நாற்காலியில் சாய்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

"இதை நாங்க எங்கிருந்து எடுத்தோம்? கோர்ட் உத்தரவுல இருந்து. அது தப்புன்னா கோர்ட்டு தப்புன்னு ஆகும். அப்படிச் சொன்னா அவமதிப்பு. நாங்க சட்டக் கல்லூரிக்கு ஆள் எடுக்கறவங்க. சட்டத்தை மீறி ஒரு சரியான விடையைப் போட முடியுமா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "சிறையில இருந்து எழுதின ஒரு பையன்கூட இதைச் சரியாப் போட்டு மேல வந்திருக்கான். வெளியில இருக்கற உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

சிறையில் எத்தனையோ பேர் எழுதினார்கள், தகவல் போதாது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வாய்தாவில் ஓர் அதிசயம் நடந்தது. ஜாமீன் மனுவை நீதிபதி உண்மையிலேயே விசாரணைக்கு எடுத்துவிட்டார். அவகாசம் கேட்க எழுந்த நம் வக்கீலை முந்திக்கொண்டு அரசு வக்கீல் எழுந்தார். அன்று அவர் முகத்தில் தனிக் களை இருந்தது.

"கூண்டுல நிக்கற எதிரி திருடினாரா இல்லையான்னு அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய அவசியமே இப்ப இல்லைங்க. சட்டம் படிக்க ஆசைப்பட்ட ஆயிரக்கணக்கான பேர், பென்சிலும் கையுமா உக்காந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, இவர்தான் திருடன்னு சொல்லியிருக்காங்க. நிபுணர் குழு அதுதான் சரின்னு விடை வெளியிட்டிருக்கு. அந்தக் குழு எதை ஆதாரமா வச்சுது? இந்தக் கோர்ட்டோட உத்தரவை. ஆக, இந்தக் கோர்ட்டு சொன்னது சரிதான்னு இந்தக் கோர்ட்டே நிரூபிச்சிருக்கு."

நீதிபதி மெல்லத் தலையாட்டினார். அரசு வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசியாக ஒன்று என்றார். எதிரியும் அந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறார்; அதே கேள்விக்கு அவரும் தன் கையாலேயே 'அ' என்று போட்டிருக்கிறார்; தரவரிசையில் மிக மேலே வந்து சீட்டும் வாங்கியிருக்கிறார்.

கூண்டில் நின்ற தம்பியை நீதிபதி ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களே போட்டதா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"நானே போட்டதுதானுங்க. சரியான விடை அதுதானுங்க."

நீதிபதி முதலில் அவனை மனதாரப் பாராட்டினார். இந்த வயதில் இவ்வளவு தெளிவான சிந்தனை அரிது என்றார். இப்படிச் சிந்திக்கத் தெரிந்தவரை வெளியே விட்டால் இன்னும் என்னென்ன பூட்டு திறக்குமோ என்பதால் ஜாமீன் இல்லை என்றார். கல்லூரிக்கு வழக்கு முடிந்த பிறகு போகலாம், கல்வி எங்கும் ஓடிவிடாது என்றும் ஆறுதல் சொன்னார். நம் வக்கீல் எழுந்து, இதைப் புரிந்துகொள்ள அவகாசம் வேண்டும் என்றார்.

அக்கா எழுந்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் தடுப்பதற்குள் முழுசாகச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, அன்னிக்கு அவன் கையில கட்டு இருந்துச்சு."

நீதிபதி முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எங்கயும் இல்லையேம்மா?"

"அதுல இல்லீங்க. அவன் கையில இருந்துச்சு."

காவலர்கள் அவளை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

படிக்கட்டில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். செய்தி எப்படியோ எட்டிவிட்டது. உங்க தம்பி நம்ம முறைப்படி படித்தவன், நீங்கள் சொல்லிக்கொடுத்தது நான் சொல்லிக்கொடுத்த மாதிரிதான், ஆதலால் நம்ம மாணவன் என்றார். பேனருக்குப் புகைப்படம் வேண்டுமாம். போலீஸ் எடுத்ததைத் தவிர வேறு இல்லை என்று அக்கா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஸ்லேட்டுல நம்பரோட எடுத்ததா? ரொம்ப நல்லதா போச்சு. ரேங்க் நம்பர்னு நினைச்சுப்பாங்க."

அவரை விலக்கிக்கொண்டு அவள் பின்வாசலுக்கு ஓடினாள். சிறை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னல் கம்பிவலையில் தம்பியின் வலது கை விரல்கள் தெரிந்தன. கட்டுப் பிரித்த பிறகு சரியாகப் பார்க்க ஆளில்லாமல் கோணலாகவே சேர்ந்துவிட்ட விரல்கள். ஏன்டா அப்படிப் போட்டே என்று கேட்டாள். உன் கேள்விதான் என்று தெரியவில்லையா என்றாள்.

"தெரியாம என்னக்கா. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டா?"

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது வக்கீலாகணும்ல? அந்தக் கேள்வி உனக்கும் வந்திருக்கும்னு தெரியும். நீ என்னைத் திருடன்னு போட மாட்டே, அதுவும் தெரியும்." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆதலால், நானே போட்டுக்கிட்டேன்."

வண்டி கிளம்பிவிட்டது. தெரு திரும்பும் வரைக்கும் அந்தக் கோணல் விரல்கள் வலையைப் பிடித்தபடியே இருந்தன.

அக்கா நடுத்தெருவில் நின்றாள். வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஒலியெழுப்பிப் போயின. யாரைப் பார்த்து என்று இல்லாமல், "அவன் கையில கட்டு இருந்துச்சு" என்றாள். இன்னொரு தடவை கத்தியே சொன்னாள்.

சாப்பாட்டுத் தூக்கோடு அவசரமாகப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் நின்றார். தூக்கை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"யார் கையிலம்மா? என்ன கட்டு?"

இந்த வழக்கில் அந்தக் கட்டைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு, சுருள் நழுவிய அந்த மத்தியானத்திலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.